வாரேன்

குறைதீர்ப்பு அலுவலர் என்று பெயர்தான் பெரிது. ஜெசிந்தா இதுவரை யாருடைய குறையையும் தீர்த்ததில்லை. கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோரைத் தேடிப் போய், ஏன் கிடைக்கவில்லை என்பதை மனம் நோகாமல் எடுத்துச் சொல்லி, சரி என்று ஒரு விரல்ரேகை வாங்கிக்கொண்டு வருவதுதான் அவளுடைய உத்தியோகம். மனம் நோகாமல் சொல்வது எப்படி என்று மதுரையில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அந்த வாரம் சாப்பாடு நன்றாக இருந்தது.

தூத்துக்குடிப் பக்கத்துச் சங்குமேட்டு அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் மின்விசிறிக் காற்றுகூட உப்புக் கரித்தது. ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தன. காலையிலிருந்து வந்த பெற்றோர் எல்லோரும் கேட்டார்கள், தலையாட்டினார்கள், ரேகை வைத்தார்கள், போனார்கள். ஒருவர்கூடச் சண்டை போடவில்லை. சண்டை போட்டாலாவது உடம்பில் ஒரு தெம்பு வரும். இந்தக் கடலோரப் பள்ளிகளுக்கு வருஷா வருஷம் இதே கதைதான். பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள், இடம் மட்டும் கிடைக்காது. ‘இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு பத்தாது’ என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வார்கள். சொல்லிச் சொல்லி அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது.

கல்லூரிக்கான நுழைவுப் பரீட்சையை நீக்கிப் பல வருஷம் ஆகிறது. காசு கொடுத்துத் தனிப்பயிற்சிக்குப் போகிறவர்கள்தான் பரீட்சையில் ஜெயிக்கிறார்கள் என்று ஊரே சொன்னதால் அதை ஒழித்தார்கள். பதிலுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கருவி வந்தது. குங்குமச் சிமிழ் அளவில் வட்டமாக, கழுத்தில் தொங்கும்; பாடம் முடிந்தால் கழற்றி வைத்துவிடலாம். பாடம் சொல்லும், கேள்வி கேட்கும், எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சந்தேகம் தீர்க்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போது அதன் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். காது மட்டும்தான், கண் கிடையாது. பிள்ளைகளைப் படம்பிடிக்கக் கூடாது என்று சட்டம். பிள்ளைகள் அதற்குச் ‘சிமிழ் சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பங்களா வீட்டுப் பிள்ளைக்கும் அதே சிமிழ், உப்பளத்துப் பிள்ளைக்கும் அதே சிமிழ். வருஷக்கணக்கில் கூடவே இருக்கிற வாத்தியாருக்குத் தெரியாதா, யாரைக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று? அன்று ஜெசிந்தாவும் கைதட்டியவள்தான்.

அன்றைக்குக் கடைசியாக வந்தவர்கள் லிங்கக்கனியும் அவள் மகள் சந்தனமாரியும். தாய் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள், கண் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற ரகம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், ஒல்லி, கழுத்தில் சிமிழ். கடல்நீரைக் குடிநீராக்கும் பொறியியல் படிக்க, சென்னைக்கு வடக்கே இருக்கிற அரசு உறைவிடக் கல்லூரியைக் கேட்டிருந்தாள்.

“கேக்க வந்திருக்கீயளா, சொல்ல வந்திருக்கீயளா?” என்றாள் லிங்கக்கனி, உட்காருவதற்கு முன்பே.

“உக்காருங்கக்கா.”

“இல்ல, அதத் தெரிஞ்சுக்கிட்டா உக்காரணுமா வேண்டாமான்னு பாத்துக்கிடுவேன்.”

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. “கேக்கவும்தான்” என்றாள் பொதுவாக.

லிங்கக்கனி உட்கார்ந்தாள். “அப்பம் நான் மொதல்ல சொல்லிருதேன். அளத்து வெளிச்சத்துல எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சு. இனிமே எறங்குனா மொத்தமாப் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாவ. இந்த எடம் கெடச்சா இவளுக்குச் சோறும் தங்கலும் அங்கன. வீட்டுக்கும் மாசாமாசம் கொஞ்சம் வரும்ங்காவ. கெடைக்கலன்னா எனக்குப் பதிலா இவதான் அளத்துல எறங்கணும். நான் ஒண்ணும் மெரட்டல, உள்ளதச் சொல்லுதேன்.”

மாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

எத்தனையோ பேருக்குச் சொன்னதையே ஜெசிந்தா இவர்களுக்கும் சொன்னாள். “அறிவுல உங்க மக இந்த மாவட்டத்துலயே முன்னால இருக்கா. அதுல ஒரு கொறையும் இல்ல. சொல்காப்புலதான் ரொம்ப அடியில இருக்கா.”

“அது என்னது?”

“சொன்ன சொல்லக் காப்பாத்துறது. கல்லூரியில சேந்தவங்கள்ல யாரு முழுசா முடிக்கிறாங்க, யாரு பாதியில விடுறாங்கன்னு ரொம்ப வருசம் பாத்துருக்காங்க. மார்க்க வச்சு அதக் கண்டுபிடிக்க முடியல. சொன்னதச் செய்யிற பிள்ளைங்கதான் முடிக்கிறாங்களாம். அதனால சிமிழ் அதையும் கவனிக்கும். இத முடிச்சுத் தர்றேன்னு சொன்னியா, முடிச்சுத் தந்தியா, அவ்வளவுதான்.”

“எம்மவ சொன்னதச் செய்யலயா?”

“நெறையத் தடவ செய்யலன்னு இருக்கு.”

லிங்கக்கனி கண்ணாடியைக் கழற்றினாள். சிவந்த கண்களைச் சுருக்கி மகளைப் பார்த்தாள். “ஏட்டி, அப்பிடி என்னட்டி சொன்ன அதுட்ட?”

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. குடுத்த கணக்கு பூரா செஞ்சேன். ஒண்ணு விடல.” தலைகுனிந்துகொண்டாள்.

“அப்பம் ஒண்ணே ஒண்ணக் காட்டச் சொல்லுங்க, எதச் செய்யலன்னு. எம்மவ பொய்க்காரின்னா நானே ரேகைய வச்சிட்டுப் போயிருதேன்.”

பெற்றோர் கேட்டால் காட்டலாம் என்றுதான் விதி. ஆனால் இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை, ஜெசிந்தாவாகவும் சொன்னதில்லை. வேலையை முடித்து வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. இருந்தாலும் அந்தச் சிவந்த கண்களைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தன் அடையாள அட்டையோடு தொங்கிய சிமிழைத் தொட்டாள். அலுவலருக்கும் மாணவருக்கும் ஒரே சிமிழ்தான், ஒரே மூளைதான்.

“சந்தனமாரி சொல் தவறிய இடங்களைக் காட்டு.”

முதலில் லாரியின் ஹாரன் சத்தம் கேட்டது. பிறகு சின்னப் பெண்ணாக இருந்தபோதைய மாரியின் குரல்: “சார், தண்ணி லாரி வந்துட்டு. வாரேன்.”

சிமிழ் தன்னுடைய நிதானமான குரலில் சொன்னது: “வருவதாகச் சொன்னார். பொழுது சாயும்வரை காத்திருந்தேன். வரவில்லை.”

அடுத்தது. “இம்புட்டுப் போதும் சார், பசிக்கு. வாரேன் சார்.”

“வருவதாகச் சொன்னார். காத்திருந்தேன். வரவில்லை.”

அதற்கடுத்தது. “எங்கம்ம கூப்புடுதா. வாரேன், என்ன?”

“வருவதாகச் சொன்னார். காத்திருந்தேன். வரவில்லை.”

முதலில் சிரித்தது லிங்கக்கனி. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “அட கோட்டிக்காரப் பெட்டி! போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போன பிள்ளைக்கு வாசல்லயே உக்காந்து காத்துக் கெடந்திருக்கே!”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அவளும் தூத்துக்குடிக்காரிதான். அவள் வீட்டிலும் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டார் எல்லோரும் வாரேன் என்று சொல்லித்தான் வாசல்படி இறங்குவார்கள். போகிறவர் போறேன் என்று சொல்லக் கூடாது, அது சாவு வீட்டுச் சொல். அவள்தான் உத்தியோகத்துக்கு வந்த பிறகு ‘ஓகே, பை’ என்று மாறிவிட்டாள். காலையிலிருந்து ரேகை வைத்துவிட்டுப் போனவர்களை நினைத்தாள். அவர்கள் பிள்ளைகளும் இதே சொல்லைத்தானே சொல்லியிருப்பார்கள்.

“அது விடைபெறுற வார்த்தை” என்றாள் சிமிழிடம்.

“போய் வருகிறேன் என்பது விடைபெறும் தொடர் என்று எனக்குத் தெரியும். சந்தனமாரி போவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வருவதை மட்டுமே சொன்னார்.”

“இங்க அதத்தான் சுருக்கி வாரேன்னு சொல்வாங்க.”

“அப்படியானால், உண்மையிலேயே திரும்பி வருவதாக இருந்தால் என்ன சொல்வார்கள்?”

“அதுக்கும் வாரேன்தான்.”

“இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?”

ஜெசிந்தா யோசித்தாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. “முகத்தப் பாத்தா தெரியும்.”

“எனக்கு முகம் தெரியாது” என்றது சிமிழ். கோபமோ வருத்தமோ இல்லாத குரல். “சந்தனமாரி என்னுடைய மிக நல்ல மாணவி. அதனால்தான் ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன்.”

மாரி தன் கழுத்திலிருந்த சிமிழைக் கையில் எடுத்துப் பார்த்தாள். “நீங்க காத்திருந்தது எனக்குத் தெரியாது சார்” என்றாள் அதனிடம், மெதுவாக.

*

மேலதிகாரி சிவப்பிரகாசம் மதுரையில் இருந்தார். கெட்டவர் இல்லை. ஓய்வுபெற ஒரு வருஷம்கூட இல்லை, அதற்குள் புதிதாக எதுவும் முளைத்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறவர். ஜெசிந்தா பள்ளி வராந்தாவில் நின்றுகொண்டு போனில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

“புரியுதும்மா. ஆனா இந்த ஒத்த வார்த்தைக்காக மொத்தக் கணக்கையும் தொறந்தா என்னாகும்? இத்தன வருசமா எடம் கெடைக்காத பிள்ளைங்க எல்லாம் வந்து நிப்பாங்க. கெடச்ச பிள்ளைங்க கோர்ட்டுக்குப் போவாங்க. யாரால தாங்க முடியும்?”

“தப்புன்னு தெரிஞ்ச பெறகும் அப்படியே விட்டுறதா சார்?”

“தப்புன்னு எப்படிச் சொல்றீங்க? அது சேத்த பிள்ளைங்கள்ல முக்காவாசிப் பேர் படிப்ப ஒழுங்கா முடிக்கிறாங்களா இல்லையா?”

“முடிக்கிறாங்க சார். அது சேக்காத பிள்ளைங்க ஒருத்தர்கூட முடிக்கல. அவங்களத்தான் சேக்கவே இல்லையே.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. தட்டுமுட்டுச் சாமான் எதையோ நகர்த்துகிற சத்தமும் கேட்டது. “சரி, இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு வழி சொல்றேன். தற்காலிகச் சேர்க்கை. அலுவலர் பொறுப்புல வருசத்துக்கு ஒருத்தரச் சேக்கலாம், யாரும் அதப் பயன்படுத்துறதில்ல. முதல் வருசம் முடியிற வரைக்கும் சிமிழ் கழுத்த விட்டு எறங்கக் கூடாது. ஒரு சொல்லு தவறக் கூடாது. வரேன் கிரேன்னு சொல்லிக்கிட்டு இருக்காம, கிளம்பும்போது போறேன்னு தெளிவாச் சொல்லச் சொல்லுங்க.”

“போறேன்னா சார்?”

“ஏன், தமிழ்தான? இன்னொண்ணும் இருக்கு. தற்காலிகப் பிள்ளைங்க விசயத்துல வீட்டுக்காரங்க திரும்பக் கூப்புட்டா அது படிப்ப நிறுத்துறதாப் பதிவாயிரும். இந்தப் பக்கம்தான் கல்யாணம், வேலைன்னு பாதியில கூட்டிட்டுப் போயிருவாங்களே, அதுக்காக வச்ச விதி. வான்னு ஒரு வார்த்த அந்தம்மா வாயிலேருந்து வந்தா அன்னைக்கே எடம் போயிரும். பக்குவமாச் சொல்லி வைங்க. கிளம்புற அன்னைக்கு நீங்களே நேர்ல போயி ஏத்தி விடுங்க. ஏதாவது சந்தேகம்னா சிமிழ் உங்களக் கேக்கும், நீங்க சொல்றதுதான் முடிவு. உங்க சொல்காப்பு ரொம்ப நல்லா இருக்கு.”

“ஏன் நல்லா இருக்கு தெரியுமா சார்? இத்தன வருசத்துல நான் யாருக்கும் எதுவும் செய்யிறேன்னு சொன்னதே இல்ல.”

சிவப்பிரகாசம் சிரித்தார். ஜெசிந்தாவுக்கு அது சிரிப்பாக இல்லை. போனை வைத்துவிட்டு வராந்தாத் தூணில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றாள். ஒரு பிள்ளைக்கு வழி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, மற்ற பிள்ளைகளை நினைத்து அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் உடம்பில் தெம்பு இல்லை.

இடம் உண்டு என்று கேட்டதும் லிங்கக்கனி கையெடுத்துக் கும்பிட்டாள். நிபந்தனையைக் கேட்டதும் கும்பிட்ட கை இறங்கிவிட்டது.

“நான் எதுக்கு அவளத் திரும்பக் கூப்புடப் போறேன்? அது கெடக்கட்டும். ஆனா இந்தச் சொல்லு... வயசுப் பிள்ள, விளக்கு வைக்கித வீட்டுல நின்னு, போறேன்னு சொல்லவா? என்ன பேச்சு பேசுதீய நீங்க?”

“அதுக்கு வேற மாதிரி சொன்னாப் புரியலக்கா.”

லிங்கக்கனி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். குரல் தணிந்தது. “அது சொல்லுததும் முழுப் பொய்யின்னு சொல்ல மாட்டேன். இவ அப்பா வாரேன்னு சொல்லிட்டுத்தான் கொச்சிக்குப் போனாவ. நானும் ரொம்ப நாளு காத்துக் கெடந்தேன், இந்தப் பெட்டி மாதிரியே. வரல. அங்கன வேற குடும்பமாம். ஆனா ஒண்ணு, போகையில அந்த ஒரு சொல்லச் சொன்னாவல்லா, அத வச்சுத்தான் அத்தன நாளும் அடுப்பு எரிஞ்சுது. போறேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா அன்னைக்கே நான் அவிஞ்சு போயிருப்பேன்.”

மாரி எழுந்து நின்றாள். அன்றைக்கு அவள் முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள். “நான் சொல்லிருதேன்ம்மா. வெறும் சொல்லுதான. சொன்னா என்ன, செத்தா போயிருவேன்?”

தாய் எட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

*

கடைசியில் லிங்கக்கனி ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டாள். வீட்டுக்குள் அந்தச் சொல் வேண்டாம், தெருவில் இறங்கி நின்று சொல்லிக்கொள்ளட்டும். அதனால் மாரி தினமும், கல்லூரிக்காகச் சிமிழ் நடத்துகிற முன்பாடம் முடிந்ததும், சிமிழைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்து போய், “போறேன் சார்” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குத் திரும்பி வருவாள். எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இதென்ன பேச்சு என்று சண்டைக்கே வந்துவிட்டாள்.

சிமிழுக்குத் திருப்தி. “நல்லது சந்தனமாரி, போகலாம்” என்று அது சொல்லும். வாசலிலிருந்து அதைக் கேட்ட லிங்கக்கனி அடிவயிற்றில் கைவைத்துக்கொள்வாள். “போயிட்டு வான்னு சொல்லத் தெரியுதா பாரு அதுக்கு. படிச்ச பெட்டியாம்!”

ஜெசிந்தா இன்னொரு காரியமும் செய்திருந்தாள், யாருக்கும் தெரியாமல். சங்குமேட்டுத் தலைமையாசிரியர் காதில் விஷயத்தைப் போட்டாள். அவர் பக்கத்துப் பள்ளிக்காரர் காதில் போட்டார். கல்லூரி திறப்பதற்குள் அந்தக் கடலோரம் முழுக்கப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் நின்று கோரஸாகப் போறேன் சார், போறேன் டீச்சர் என்று கத்தத் தொடங்கினார்கள். சின்னதுகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. மீன் கூடையோடு போன ஒரு பெண் நின்று கேட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினாள். சொல்காப்பு மதிப்பு மளமளவென்று ஏறியது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பொறுப்பு வந்துவிட்டது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். ஜெசிந்தா தன் மேஜையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திருத்திக்கொள்ள வேண்டியது சிமிழ். திருந்தியது பிள்ளைகள். இதைத் தடுக்க வழி தெரியாமல் தானே இதற்குத் துணைபோனது அவளுக்கு ஆறவில்லை.

மாரிக்கு அது சுலபமாக வரவில்லை. ஜெசிந்தா ஒருமுறை பார்க்கப் போனபோது அவள் வாயைத் திறக்கும் முன் ஒரு கணம் நின்று யோசித்துப் பேசினாள். யார் வீட்டிலிருந்தும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுகிறாள் என்று தோழிகள் குறைப்பட்டார்கள். “வாரேன்னு வாய்ல வந்துருது மேடம். அத முழுங்கிட்டு வேற சொல்லணும். அதுக்குப் பேசாமலே இருந்துரலாம்னு தோணுது” என்றாள். பதினேழு வயசுப் பிள்ளை கிழவி மாதிரிக் களைப்பாகப் பேசினாள்.

*

கிளம்புகிற நாள் பகலில், தூத்துக்குடிப் பேருந்து நிலையத்தில் வெயில் கொளுத்தியது. கல்லூரியே அனுப்பிய பேருந்து. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள், இங்கே ஏறிய டவுன் பிள்ளைகள் சிலர் ஜன்னல் வழியாக அப்பா அம்மாவுக்குக் கையாட்டிப் பை பை என்று கூவிக்கொண்டிருந்தார்கள். லிங்கக்கனி முழுத் தேங்காய் ஒன்றும் கருப்பட்டியும் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அங்கே கருப்பட்டி கிடைக்காது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

“நேரத்துக்குச் சாப்புடு. தலைக்கு எண்ண வையி. யாரு என்ன சொன்னாலும் பதில் பேசாத” என்று அடுக்கிக்கொண்டே போனாள். மாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் கழுத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஜெசிந்தாவின் அடையாள அட்டையிலும் எரிந்துகொண்டிருந்தது.

ஜெசிந்தா லிங்கக்கனியைத் தனியே ஓரமாகக் கூட்டிப்போய் மறுபடியும் சொன்னாள். “திரும்பக் கூப்புடுற மாதிரி ஒண்ணும் சொல்லிராதீங்கக்கா. எல்லாத்தையும் அது கேட்டுக்கிட்டு இருக்கும்.”

“எத்தன மட்டம் சொல்லுவீய? நான் என்ன, போகாதட்டின்னு அழுது கையப் புடிச்சு இழுக்கவா போறேன்?”

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். மாரி படியில் ஏறி, உள்ளே போகாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். லிங்கக்கனி கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. மாரிக்கும் தெரிந்தது.

“வா...” என்று ஆரம்பித்தாள் மாரி. அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. சிமிழைப் பிடித்தது. அந்தச் சொல்லை இப்போது சொன்னால் அது கல்லூரியை விட்டுத் திரும்பி வருகிறேன் என்றுதான் எழுதிக்கொள்ளும். ஒரு வருஷத்துக்கு அவளுக்கு அந்தச் சொல் கிடையாது.

“போறேன்ம்மா” என்றாள்.

பேருந்து நகர்ந்தது. லிங்கக்கனி ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு, பிறந்ததிலிருந்து வாசலில் நின்று எத்தனை பேரை வழியனுப்பியிருப்பாளோ அத்தனை பேருக்கும் சொன்னதை, மகள் வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள் என்பதுபோல, பேருந்துக்குப் பின்னால் நாலெட்டு வேகமாக நடந்தபடி, உரக்கச் சொன்னாள்:

“சரிட்டி, வா!”

‘கூப்பிடாதீங்க’ என்று ஆயிரம் தரம் சொன்ன ஜெசிந்தாவுக்கு, இதைச் சொல்லாதீர்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே. ‘வா’ என்பது வழியனுப்புவது, அது எப்படி அழைப்பதாகும்?

பேருந்து, நிலையத்தின் வளைவைத் தாண்டித் திரும்பி மறைந்தது. ஜெசிந்தாவின் நெஞ்சுக்கு நேரே சிமிழ் பேசியது.

“சந்தனமாரியின் தாய் அவரை வா என்று அழைத்தார். இது திரும்ப அழைத்ததா? அலுவலர் உறுதிசெய்ய வேண்டும்.”

“இல்ல” என்றாள் ஜெசிந்தா. “அனுப்பி வச்சாங்க.”

“இரண்டுக்கும் ஒரே சொல்தானா?”

“ஒரே சொல்லுதான்.”

“முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று முன்பு சொன்னீர்கள். முகத்தைப் பார்த்தீர்களா?”

லிங்கக்கனி இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேருந்து போன திசையையே பார்த்தபடி நின்றாள். சேலைத் தலைப்பு முழுதாக முகத்தின் மேல் இருந்தது. அந்தத் தலைப்புக்குள் அவள் மகளைப் போய் வா என்று வாழ்த்திக்கொண்டிருந்தாளா, வந்துவிடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தாளா, யாருக்கும் தெரியாது.

“பாத்தேன்” என்றாள் ஜெசிந்தா.

“நன்றி. பதிந்துகொண்டேன்” என்றது சிமிழ். அவள் சொன்ன சொல் தவறாதவள் என்று அதற்குத் தெரியும்.